தோலும் ஆர்கானிக் பூச்சுகளும்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். வளர்ந்த ஒருவருக்கு அதன் பரப்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர். எண்ணெயோ கிரீமோ சோப்போ தோலில் பட்டவுடன் முதலில் சந்திப்பது மேல்தோலின் உச்சியில் இருக்கும் இறந்த செல்களின் அடுக்கை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். பாடநூல்கள் இதைச் செங்கல் சுவராக விளக்கும்: தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் கொழுப்புகள் சாந்து. இந்தச் சாந்தில் பாதியளவு செராமைடுகள், கால் பங்கு கொலஸ்ட்ரால், எஞ்சியதில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உடலின் நீர் வெளியேறாமல் காப்பதும் கிருமிகளும் எரிச்சலூட்டும் பொருள்களும் உள்ளே வராமல் தடுப்பதும் இந்த அடுக்கின் வேலை.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு சுமார் 4.5 முதல் 5.5 வரை. இந்த அமிலத்தன்மை நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வாழவைக்கிறது. செராமைடுகளை உருவாக்கும் நொதிகளும் இந்தச் சூழலில்தான் நன்றாக இயங்குகின்றன. சருமத்துக்கான எந்தப் பொருளையும் மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும். இந்தச் சுவரை அது காக்கிறதா, சிதைக்கிறதா? சுவரைத் தாண்டி எதை உள்ளே அனுப்புகிறது?

எது உள்ளே போகும்?

பூசுவதில் 60 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும் என்று விளம்பரங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் அப்படி ஓர் எண் கிடையாது. 2000ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த விதிப்படி, மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் இயல்பான தோலை எளிதில் ஊடுருவ முடியாது. கொலாஜன் புரதத்தின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். அதனால் கொலாஜன் கிரீம் மேலே ஈரப்பதம் தரலாமே ஒழிய, உள்ளே போய்த் தோலின் கொலாஜனாக மாறாது.

இடத்தைப் பொறுத்தும் அளவு மாறும். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்டிசோன் மருந்தை உடலின் பல பகுதிகளில் பூசி அளந்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் 6 மடங்கு உறிஞ்சியது. முகத்தில் பூசும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பாரபென் என்ற பதப்படுத்தும் பொருளின் எளிய வடிவம் 152 டால்டன். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் 136 டால்டன். ஒன்று ஆலையில் பிறந்தது, மற்றது மரத்தில் விளைந்தது. எடையைப் பொறுத்தவரை இரண்டுக்குமே உள்ளே போகத் தடையில்லை. ஒரு மூலக்கூறின் விளைவை அதன் அமைப்பும் அளவும் முடிவு செய்கின்றன. பிறந்த இடம் முடிவு செய்வதில்லை. ஆர்கானிக் பொருள்களின் நன்மையை இந்த அடிப்படையில்தான் எடைபோட வேண்டும்.

எது ஆர்கானிக்?

கடைத் தட்டில் இயற்கை, மூலிகை, ஆயுர்வேதம், ஆர்கானிக் என்று நான்கு வகைப் பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் விற்பனைச் சொற்கள். ஆயுர்வேதப் பொருளுக்கு ஆயுஷ் உற்பத்தி உரிமம் தேவை; ஆனால் அந்த உரிமம் மூலிகை எப்படிப் பயிரிடப்பட்டது என்று சொல்லாது. ஆர்கானிக் என்பது பயிரிடும் முறையைக் குறிப்பது. செயற்கைப் பூச்சிக்கொல்லியும் செயற்கை உரமும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் விளைந்த மூலப்பொருள், அதைச் சோதித்துச் சான்றளிக்கும் ஓர் அமைப்பு, வயலிலிருந்து புட்டி வரை தொடரும் பதிவேடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆர்கானிக் சான்று.

அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, நீரையும் உப்பையும் கழித்துவிட்டு, எஞ்சியதில் 95 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால்தான் ஒரு பொருள் அந்தப் பெயரையும் துறையின் முத்திரையையும் சேர்த்துத் தாங்கலாம். 70 சதவீதம் இருந்தால் ‘ஆர்கானிக் பொருள்களைக் கொண்டு செய்தது’ என்று மட்டும் குறிப்பிடலாம். ஐரோப்பாவில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் நாடுகளின் சான்றளிப்பு அமைப்புகள் கூடி காஸ்மாஸ் என்ற பொதுத் தரத்தை உருவாக்கின. அதன்படி, பிழிதல், அரைத்தல் போன்ற எளிய முறைகளில் பெறப்படும் தாவரப் பொருள்களில் 95 சதவீதமும், மொத்தப் பொருளில் குறைந்தது 20 சதவீதமும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். கழுவி விடும் பொருள்களுக்கு 10 சதவீதம் போதும். லோஷனில் பெரும்பகுதி தண்ணீர் என்பதாலும் தண்ணீர் பயிரிடப்படுவதில்லை என்பதாலும் மொத்த அளவு இப்படிக் குறைவாகத் தெரிகிறது.

இந்தியாவில் ஆர்கானிக் விளைபொருள்களுக்கு வேளாண் ஏற்றுமதிக்கான அரசு அமைப்பான அபீடாவின் கீழ் தேசியத் திட்டம் ஒன்று உண்டு. அழகுப் பொருள்களை 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளும் ஆள்கின்றன. இவற்றில் ஆர்கானிக் கிரீமுக்கென்று தனி வரையறை இல்லை. ஆகவே புட்டியின் முகப்பில் இருக்கும் சொல்லைவிட, பின்பக்கத்தில் இருக்கும் சான்றளிப்பு அமைப்பின் பெயரும் எண்ணும்தான் நம்பத்தக்கவை.

எண்ணெய்கள் செய்யும் வேலை

ஆர்கானிக் சருமப் பொருள்களின் முதுகெலும்பு தாவர எண்ணெய். செராமைடுகளில் முக்கியமான ஒரு வகையை உருவாக்கத் தோலுக்கு லினோலிக் அமிலம் தேவை. உடலால் இதைத் தானே தயாரிக்க முடியாது. சூரியகாந்தி எண்ணெயில் இது மிகுதி. நல்லெண்ணெயில் லினோலிக் அமிலமும் ஒலிக் அமிலமும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். ஆலிவ் எண்ணெயில் ஒலிக் அமிலமே பெரும்பகுதி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், முன்கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவியவர்களுக்குத் தோலின் தடுப்புத் திறன் குறைந்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் அது குறையவில்லை. குழந்தைக்கு எந்த எண்ணெய் தேய்ப்பது என்பதில் இந்த வேறுபாடு முக்கியமானது.

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தேய்த்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. எண்ணெய் தேய்க்கப்படாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் கிருமிகளால் நோய்வாய்ப்படும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. வளர்ச்சி முடியாத தோலின் தடுப்பை எண்ணெய் பலப்படுத்தியதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதற்குக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டு. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. பச்சைத் தேங்காய்ப்பாலிலிருந்து எடுக்கும் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு நோய்க் கடுமையின் அளவீடு சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் தடவியவர்களுக்கு 38 சதவீதம்தான் குறைந்தது. அதே எண்ணெய், முகப்பரு வரும் தோலில் துளைகளை அடைத்துப் பருக்களைப் பெருக்கவும் கூடும்.

இந்த நன்மைகள் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களால் வருபவை. ஆர்கானிக் தோப்புத் தேங்காயிலும் மற்றத் தேங்காயிலும் லாரிக் அமிலம் ஒன்றுதான். பயிரிடும் முறை வித்தியாசம் ஏற்படுத்துமா என்பது எண்ணெய் எடுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஆலையில் சுத்திகரிக்கும்போது அதிக வெப்பத்தில் மணம் நீக்கப்படுகிறது. அதில் வைட்டமின் ஈ, பாலிஃபீனால் முதலியவற்றில் ஒரு பகுதி போய்விடும், பூச்சிக்கொல்லி எச்சங்களிலும் பெரும்பகுதி போய்விடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் நல்லவை தங்கும். வயலில் தெளித்த மருந்தின் மிச்சம் இருந்தால் அதுவும் தங்கும். செக்கு எண்ணெய் வாங்குபவர்தான் அது விளைந்த வயலைப் பற்றி அதிகம் கேட்க வேண்டியவர்.

குளிர்முறையில் பிழியும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களுக்கு இது இன்னும் பொருந்தும். பூச்சி மருந்து நேரே படுவது பழத்தின் தோலில்தான். பல பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் கரைபவை என்பதால் எண்ணெயில் அவை செறிந்துவிடும். செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினிலும் ஆடுகளுக்குப் போடும் உண்ணி மருந்தின் எச்சம் காணப்பட்டதால், மருந்துத் தர நூல்கள் அதற்கு வரம்பு விதித்திருக்கின்றன. இத்தகைய பொருள்களில் ஆர்கானிக் சான்றின் மதிப்பு நேரடியானது.

கழுவும் பொருள்கள்

சாதாரண சோப்புக் கரைசலின் பிஹெச் 9 முதல் 10 வரை. ஒவ்வொரு குளியலிலும் அது தோலின் அமிலத்தன்மையைச் சில மணி நேரத்துக்குக் குறைத்து, சாந்துக் கொழுப்பில் கொஞ்சத்தைக் கரைத்துச் செல்கிறது. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் தோல் மருத்துவ ஆய்வுகளில் எரிச்சலை வரவழைப்பதற்கென்றே பயன்படுத்தப்படும் பொருள். அதையும் தேங்காய் எண்ணெயிலிருந்தே தயாரிக்கலாம் என்பதால் ‘தேங்காயிலிருந்து பெறப்பட்டது’ என்ற வாசகம் மென்மைக்கு உத்தரவாதம் ஆகாது. லாரில் சல்ஃபேட்டின் எரிச்சலைக் குறைக்க எத்தாக்ஸிலேற்றம் என்ற வேதிமுறை கையாளப்படுகிறது. அப்போது 1,4-டையாக்சேன் என்ற வேண்டாத பொருள் சிறிதளவு உண்டாகலாம். காஸ்மாஸ் தரம் இந்த முறையை அனுமதிப்பதில்லை. பதிலாக, தேங்காயின் கொழுப்பு ஆல்கஹாலையும் குளுக்கோஸையும் இணைத்துச் செய்யும் மென்மையான நுரைப்பான்கள் பயன்படுகின்றன.

தமிழ்நாட்டு வீடுகளில் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவை இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அவற்றில் உள்ள சப்போனின்கள் இயற்கை நுரைப்பான்கள். பயத்தமாவு அழுக்கையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்கிறது. நன்றாகச் சலித்த மாவு என்றால் தோலில் கீறல் விழாது. கொரகொரப்பான மாவைத் தேய்த்தால் மெல்லிய தோல் சிவந்துவிடும்.

கார்போக அரிசி சொல்லும் பாடம்

நலங்கு மாவில் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் இவற்றோடு கார்போக அரிசியும் சேர்ப்பதுண்டு. இது அரிசி அல்ல. ஒரு சிறு செடியின் கறுத்த விதை. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வெண்புள்ளிக்கு இது பயன்படுகிறது. இதில் உள்ள சோராலன் என்ற பொருள் புற ஊதாக் கதிரைத் தோல் உணரும் திறனைக் கூட்டிவிடும். மருத்துவர் மேற்பார்வையில், அளவான வெயிலோடு சேரும்போது அது நிறமிச் செல்களைத் தூண்டுகிறது. மாவைப் பூசிக் கழுவாமல் வெயிலில் நின்றால் தோல் கருகவும் கொப்புளிக்கவும் இடமுண்டு.

இதே விதையில் பாகுச்சியால் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் முகத்தில் 0.5 சதவீத பாகுச்சியாலையோ அதே செறிவுள்ள ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வடிவத்தையோ பூசினார்கள். சுருக்கமும் கருமைத் திட்டும் குறைந்ததில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடில்லை. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிவதும் எரிச்சலும் அதிகம். சோராலனை நீக்கிச் சுத்திகரித்த பாகுச்சியால் இன்று பல கிரீம்களில் இடம்பெறுகிறது.

ஒரே விதை, ஒரே வயல், ஒரே ஆர்கானிக் சான்று. உள்ளே காக்கும் பொருளும் சுடும் பொருளும் அருகருகே. சான்றிதழ் விதையின் தூய்மையைச் சொல்லும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை வேதியியல்தான் சொல்லும்.

விலக்கப்படுபவை

ஆர்கானிக் தரங்களின் மிகத் தெளிவான நன்மை, அவை சேர்ப்பதைவிட விலக்குவதில் இருக்கிறது. பாரபென்கள், தாலேட்டுகள், டிரைக்ளோசன் என்ற கிருமிநாசினி, செயற்கை வாசனைக் கலவைகள் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பகுதியில் 100 பதின்பருவப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. இந்தப் பொருள்கள் இல்லாத சருமப் பொருள்களை அவர்கள் மூன்று நாள் மட்டும் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் மெத்தில் பாரபென் அளவு 44 சதவீதமும், டிரைக்ளோசன் 36 சதவீதமும், வாசனைப் பொருள்களில் சேரும் ஒரு தாலேட்டின் எச்சம் 27 சதவீதமும் குறைந்தன. பூசும் பொருளை மாற்றினால் உடலுக்குள் போகும் அளவு உடனே குறையும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதனால் நோய் குறையுமா என்பது வேறு கேள்வி. 2004இல் மார்பகக் கட்டிகளில் பாரபென் காணப்பட்டதாக வந்த ஆய்வு பெரும் அச்சத்தைக் கிளப்பியது. அது 20 மாதிரிகளில் செய்யப்பட்டது. பாரபென்தான் கட்டிக்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடைசெய்தது. புரோப்பில், பியூட்டில் வகைகளின் அளவைக் குறைத்தது. மெத்தில் வகையைத் தொடர அனுமதித்தது. தேவையற்ற பொருளைத் தவிர்ப்பது நல்ல எச்சரிக்கை. தவிர்க்காதவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்பது மிகை.

சந்தேகத்துக்கு இடமில்லாத நஞ்சு பாதரசம். நிறத்தை வெளுக்க விற்கப்படும் சில கிரீம்களில் அது சேர்க்கப்படுகிறது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அண்மை ஆண்டுகளில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டுகளும் வெள்ளையாக்கும் கிரீம்களில் கலக்கப்படுவதுண்டு. அவை தோலை மெலியச் செய்கின்றன. மூலப்பொருள் பட்டியலே இல்லாத புட்டியை எந்தச் சான்றளிப்பு அமைப்பும் ஏற்காது என்பது இங்கே ஒரு பாதுகாப்பு.

வாசனையும் ஒவ்வாமையும்

ஐரோப்பாவில் புட்டியின் மேல் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் 2005இல் நடைமுறைக்கு வந்தது. லிமோனீன், லினாலூல், ஜெரானியால், சிட்ரால், யூஜினால் எல்லாம் அதில் உண்டு. இவை முறையே ஆரஞ்சு, லாவெண்டர், ரோஜா, எலுமிச்சைப்புல், கிராம்பு எண்ணெய்களில் இயல்பாக இருப்பவை. காற்றுபட்டுப் பழசாகும்போது லிமோனீனும் லினாலூலும் பெராக்சைடுகளாக மாறி ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஆர்கானிக் எண்ணெயும் இதற்கு விலக்கல்ல. மூடி திறந்து பல மாதம் கிடந்த வாசனை எண்ணெயைத் தோலில் பூசாமல் இருப்பது நல்லது.

வாசனை எண்ணெய்களின் அளவு சரியாக இருந்தால் பயனும் தெளிவு. ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஜெல் முகப்பருவைக் குறைத்தது. வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடைவிட அது மெதுவாகவே வேலை செய்தது. ஆனால் வறட்சியும் எரிச்சலும் குறைவு.

எலுமிச்சைச் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்ப்பது பரவலான பழக்கம். அதன் பிஹெச் சுமார் 2. தோலின் அமிலத்தன்மையைவிட அது பல நூறு மடங்கு கடுமையானது. எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் வெயிலோடு வினைபுரியும் பொருள்களும் இருப்பதால் வெயிலில் தோல் கருத்துப்போகலாம்.

கெடாமல் காத்தல்

தண்ணீர் கலந்த எந்தப் பொருளிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வீட்டில் கற்றாழைச் சோறு எடுப்பதைப் பார்த்தால் இது புரியும். மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். அதில் அலோயின் உள்ளது, சிலருக்கு அரிப்பு தரும். மடலைச் சாய்த்து வைத்து அதை வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி, கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் கழுவி எடுக்க வேண்டும். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் உள்ள அசிமன்னான் முதலிய சர்க்கரைத் தொடர்கள்தான் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலைக் குளிர்விப்பவை. இந்தச் சோற்றைக் கிண்ணத்தில் வெளியே வைத்தால் சீக்கிரமே கெட்டு நாறும். அன்றன்று எடுத்துப் பூசுவதே பாதுகாப்பு.

கடைப் பொருள் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருப்பதால் அதில் பதப்படுத்தும் பொருள் தேவை. ஆர்கானிக் தரங்கள் பென்சாயிக் அமிலம், சார்பிக் அமிலம், பென்சில் ஆல்கஹால் போன்ற சிலவற்றை அனுமதிக்கின்றன. ‘பதப்படுத்தும் பொருளே இல்லை’ என்று பெருமைப்படும் நீர்க் கிரீமைவிட, இவற்றில் ஒன்று சேர்ந்த கிரீமே தோலுக்குப் பத்திரம்.

பொருளைப் போலவே தோலையும் காக்க வேண்டும்; ஆனால் வெயில்காப்பில் தாவர எண்ணெய்களை மட்டும் நம்பக் கூடாது. அவை தரும் காப்பு மிகக் குறைவு. ஆர்கானிக் வெயில்காப்புகளில் வேலை செய்வது துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தாதுக்கள். எஸ்பிஎஃப் 30 அளவு, தோலைச் சிவந்து எரியச் செய்யும் புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும்.

வயலுக்கும் நீருக்கும்

குளியலறையில் கழுவிவிடும் எல்லாம் சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. முகம் தேய்க்கும் கிரீம்களில் இருந்த பிளாஸ்டிக் நுண்மணிகள் மீன்களின் வயிற்றை அடைந்ததால் அமெரிக்கா 2015இல் அவற்றைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. பவளப்பாறைகளைக் காக்க, ஆக்ஸிபென்சோன் என்ற புற ஊதாத் தடுப்பான் கொண்ட வெயில்காப்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. ஆர்கானிக் தரங்கள் இவ்விரண்டையும் முன்பே விலக்கியவை. வயலில் மருந்து தெளிக்கும் தொழிலாளியின் உடலுக்கும், மண்ணுக்கும், தேனீக்களுக்கும் கிடைக்கும் நன்மை, புட்டியை வாங்குபவரின் தோலுக்குக் கிடைப்பதைவிடப் பெரியது.

தேர்ந்தெடுக்கும் முறை

பொருள் பட்டியலில் முதலில் வருவது அதிகம் இருப்பது. கற்றாழை கிரீம் என்ற பெயரில் கற்றாழை கடைசி வரியில் இருந்தால் அது பெயருக்கு மட்டும்தான். சான்றளித்த அமைப்பு, தயாரித்த தேதி, காலாவதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வறண்ட தோலுக்கும் எக்ஸிமாவுக்கும் வாசனை சேர்க்காத எண்ணெயும் கிரீமும் ஏற்றவை. பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எந்தப் புதிய பொருளையும் முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில் நாளுக்கு இருமுறை, ஏழு நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிவப்போ அரிப்போ வந்தால் உடனே கழுவி நிறுத்திவிட வேண்டும். நீடித்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆர்கானிக் சான்று ஒரு பொருளில் எது இல்லை என்பதையும் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதையும் நம்பகமாகச் சொல்லும். அது தோலுக்கு நல்லதா என்பதை எண்ணெயின் அமிலம், பொருளின் செறிவு, புட்டியின் வயது, பூசுபவரின் தோல் ஆகிய நான்குமே தீர்மானிக்கும்.